கத்தரி கேட்பது எந்தப் பசளை?



சென்ற மாதம் பழுகாமத்தில் ஓர் அக்காவின் வளவுக்குப் போயிருந்தேன். கணவரை யுத்தத்தில் இழந்து, மூன்று பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவர். வேலியோரம் இருபது கத்தரிச் செடிகள் கரும்பச்சையாக நின்றன. காய் மட்டும் இல்லை.

"சீட்டுக் காசில யூரியா வாங்கி மூணு தரம் போட்டன் தங்கச்சி. செடி மதாளிச்சு நிக்குது, கறிக்கு ஒரு காய் இல்ல" என்றார். அதே வளவின் மூலையில் மாட்டெரு வெயிலில் காய்ந்து கிடந்தது. அடுப்புச் சாம்பல் வேலிக்கு வெளியே கொட்டப்பட்டிருந்தது.

நான் சமூகவியல் படித்தவள். செடியைப் பற்றி அறிந்ததெல்லாம் விவசாயப் போதனாசிரியர்களிடமும் உங்களைப் போன்ற அக்காமாரிடமும் கேட்டதுதான். அவர்கள் முதலில் சொல்வது இதுதான்: காசு கொடுத்துப் பசளை வாங்கமுன், செடிக்கு எது குறைவு என்று பாருங்கள்.

செடிக்கு முக்கியமாக மூன்று சத்துகள் வேண்டும். நைதரசன் இலையையும் தண்டையும் வளர்க்கும். பொசுபரசு வேருக்கும் பூவுக்கும் உதவும். பொற்றாசியம் காயைத் திரட்டும். வரட்சியைத் தாங்க வைக்கும். இம்மூன்றில் யூரியா தருவது நைதரசன் மட்டுமே. நூறு கிலோவில் 46 கிலோ அதுதான். கீரைக்கு அது நல்லது. காய்க்கும் செடிக்கு அளவு மிஞ்சினால் இலைதான் பெருகும். பூச்சியும் அந்த இளந்தளிரைத் தேடி வரும்.

இலையைப் பார்த்தால் குறை தெரியும். அடியிலைகள் வெளிறி மஞ்சளானால் நைதரசன் குறைவு. செடி வளராமல் இலையில் ஊதா நிறம் படர்ந்தால் பொசுபரசு குறைவு. முதிர்ந்த இலையின் ஓரம் கருகினால் பொற்றாசியம் குறைவு. ஆனால், தண்ணீர் தேங்கினாலும் இலை மஞ்சளாகும். வாவியோரக் காணிகளில் உவரும் இலையோரத்தைக் கருக்கும். அவற்றை முதலில் கவனியுங்கள்.

மாட்டெருவை நிழலில் குவித்து, கிடுகால் மூடி, ஈரம் காயாமல் வைத்திருங்கள். வெயிலிலும் மழையிலும் கிடந்தால் சத்துப் போய்விடும். நன்றாக உக்கி, மண் மணம் வந்த பிறகு போடுங்கள். கோழி எரு வீரியம் கூடியது; உக்காமல் போட்டால் வேர் கருகும். வேலியில் நிற்கும் கிளிசரியா இலை விரைவில் உக்கி நைதரசன் தரும். விறகுச் சாம்பலில் பொற்றாசியம் உண்டு. செடிக்கு ஒரு சிறங்கை, தண்டில் படாமல் தூவினால் போதும். யூரியாவோடும் பச்சை எருவோடும் சாம்பலைக் கலக்க வேண்டாம். நைதரசன் காற்றோடு போய்விடும். உவர் வளவுக்குச் சாம்பலைக் குறையுங்கள். மணல் மண்ணில் எந்தப் பசளையையும் சிறிது சிறிதாகப் பிரித்துப் போடுங்கள். ஒரேயடியாகப் போட்டால் தண்ணீரோடு கீழே இறங்கிவிடும்.

இதையெல்லாம் சொன்னபோது அந்த அக்கா சிரித்தார். "இயக்கம் இருந்த காலத்தில படுவான்கரைக்கு யூரியா வர விடல்லயே. அப்ப அம்மா எருவும் சாம்பலும் போட்டுத்தானே காய் பறிச்சவ. நான்தான் மறந்து போனன்."

2021 மே மாதம் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரென நிறுத்தியது. நவம்பரில் தடை தளர்த்தப்படுவதற்குள் நெற்செய்கையாளர் பட்ட பாட்டை நாம் கண்டோம். ஏக்கர் கணக்கான வயலுக்கு எரு தேடுவது இலேசான காரியமல்ல. ஆனால் இருபது செடி நிற்கும் வளவு வயலல்ல. அதற்கு வேண்டியதில் பெரும்பகுதி வளவுக்குள்ளேயே கிடைக்கும்.

அக்கா யூரியாவை நிறுத்திவிட்டார். எருக் குவியலுக்குக் கிடுகு போட்டாயிற்று. காய்த்ததா என்று அடுத்த முறை போகும்போது பார்க்க வேண்டும். அடுத்த சீட்டுக் காசு பிள்ளையின் கொப்பிகளுக்கு என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.