ஆறும் குழாயும்

குடிநீர் வாராவிடில் யாரைக் கேட்பது? நம்மில் பலர் இதனை அறியோம்.

நம் நாட்டில் நீர் நெடுங்காலம் மாநிலங்களின் அதிகாரத்தில் இருந்தது. 2005ஆம் ஆண்டில் அரசமைப்புச் சட்டம் திருத்தப்பெற்று, தீபகற்ப மலேசியாவின் நீர் விநியோகம் மத்திய அரசாங்கமும் மாநிலங்களும் பகிரும் பட்டியலுக்கு மாறியது. 2006இல் இயற்றப்பெற்ற சட்டங்களின் வழி தேசிய நீர்ச் சேவை ஆணையம் பிறந்தது. நீர் வழங்கும் நிறுவனங்களுக்கு உரிமம் தருவதும் அவற்றைக் கண்காணிப்பதும் அதன் பணி.

ஆயினும் ஆறும் காடும் நிலமும் இன்றும் மாநிலங்களிடமே உள்ளன. இங்குதான் சிக்கல். 2020 செப்டம்பரில் சிலாங்கூர் ஆற்றில் கழிவு கலந்ததால் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட இணைப்புகளில் நீர் நின்றது. ஆறு கெட்டபின் குழாயை மட்டும் மேற்பார்த்து என்ன பயன்?

மரம் வெட்டினால் மாநிலத்திற்கு வருவாய். காட்டைக் காத்தாலோ இழப்பு. நீர் பிறக்கும் காட்டைக் காக்கும் மாநிலத்திற்கு அவ்விழப்பை மத்திய அரசாங்கம் ஈடுசெய்தல் வேண்டும் என்பதே நம் கருத்து. 2019 முதல் ஒரு தொகை வழங்கப்படுகிறது. அது போதாது.

தோட்டத்து மக்கள் அறிய வேண்டியது இன்னொன்று. தொழிலாளர் குடியிருப்புகளுக்குப் போதிய குழாய்நீரை முதலாளி இலவசமாக வழங்க வேண்டும் என்கிறது 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம். இது துரைமார் காட்டும் சலுகையன்று, உரிமை. லயத்துக் குழாய் வறண்டால் தோட்ட அலுவலகத்தில் கேட்கலாம். அங்கே பதில் இல்லையேல் தொழிலாளர் இலாகாவில் எழுத்து மூலம் புகார் செய்யலாம்.