அழுகைக்கு நடுவில் பாடம் ஏறாது

மூன்று வயதுக் குழந்தை கடை வாசலில் விழுந்து புரண்டு அழுதால், சுற்றி நிற்பவர்களிடமிருந்து இரண்டு தீர்ப்புகள் உடனே வந்துவிடும். ஒன்று, 'செல்லம் கொடுத்துக் கெடுத்து வைத்திருக்கிறார்கள்.' இன்னொன்று, 'முதுகில் ரெண்டு போட்டால் தானாக அடங்கும்.' குழந்தை திட்டம் போட்டுத்தான் அழுகிறது என்ற நினைப்பு இரண்டுக்கும் அடியில் இருக்கிறது. அந்த வயதில் பெரும்பாலும் அப்படி இல்லை.

காத்திருப்பது, ஆசையை அடக்குவது, ஏமாற்றத்தைத் தாங்குவது போன்றவற்றைப் பார்த்துக்கொள்வது மூளையின் முன்பகுதி. அது முழுதாக முதிர ஏறக்குறைய இருபத்தைந்து வயது ஆகிறது. இரண்டு வயதில் ஆசை நிறைய இருக்கும், அதைச் சொல்லும் பேச்சு இருக்காது. 'பாலை நானே ஊற்றிக்கொள்ள நினைத்தேன், நீ ஏன் ஊற்றினாய்?' என்று கேட்க வாய் வராது. அதனால் டம்ளர் பறக்கிறது. நமக்கோ பால் கொட்டியதுதான் தெரிகிறது.

இந்தக் கோபத்துக்கு நேரம் காலமும் உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஃப்ளாரன்ஸ் குடினஃப், குழந்தைகளின் கோபத்தை வீட்டிலேயே குறித்துவைக்கும்படி பெற்றோரிடம் சொல்லி, அந்தக் குறிப்புகளை ஆராய்ந்து 1931-ல் வெளியிட்டார். சாப்பாட்டு வேளைக்குச் சற்று முன்பும், உடம்பு சரியில்லாதபோதும் கோபம் அதிகமாக வந்திருந்தது. நம் வீட்டுக்கும் இது பொருந்தும். சாயங்காலம் ஆறரை மணிக்குப் பசியோடு இருக்கும் பிள்ளையைத் துணிக்கடைக்கு இழுத்துப் போனால் சண்டை நிச்சயம். கிளம்பும் முன் ஒரு இட்லி ஊட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை வீட்டிலேயே முடிந்துவிடும்.

அழுகை தொடங்கிவிட்டால் என்ன செய்வது? மைக்கேல் பொட்டேகலும் ரிச்சர்ட் டேவிட்சனும் ஒன்றரை முதல் ஐந்து வயதுவரையுள்ள 335 குழந்தைகளைப் பற்றிப் பெற்றோர் எழுதிக்கொடுத்ததை ஆராய்ந்து 2003-ல் வெளியிட்ட முடிவுகள் இங்கே உதவும். முக்கால்வாசி அழுகைகள் ஐந்து நிமிடத்துக்குள் ஓய்ந்துவிட்டன. அவற்றில் கலந்திருந்தது கோபமும் வருத்தமும். கத்துவது, உதைப்பது, எறிவது எல்லாம் தொடக்கத்தில் உச்சத்துக்குப் போய் இறங்கிவிடும். தேம்பலும் சிணுங்கலும் கடைசிவரை நீடிக்கும்.

உச்சத்தில் இருக்கும் பிள்ளையைத் தூக்கினால் உதைதான் கிடைக்கும். 'ஏன் இப்படிப் பண்றே?' என்று கேட்டால் கூச்சல் கூடும். அந்தச் சில நிமிடங்களில் புத்தி சொல்லி எதுவும் ஏறாது. அடிபடாமல் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பதே போதும். கை தளர்ந்து தேம்பல் மட்டும் மிஞ்சும்போது குழந்தை தானே மடியைத் தேடி வரும். அப்போது அணைத்துக்கொள்வது செல்லம் கொடுப்பதாகாது.

ஆனால் 'கிடையாது' என்று சொன்னது கிடையாதுதான். நான்கு நிமிடம் மறுத்துவிட்டு, நாலு பேர் பார்க்கிறார்களே என்று ஐந்தாவது நிமிடம் சாக்லேட்டை வாங்கிக் கொடுத்தால், ஐந்து நிமிடம் அழ வேண்டும் என்பதைப் பிள்ளை கற்றுக்கொள்கிறது. முதலில் திட்டம் இல்லாமல் வந்த அழுகை இப்படித்தான் பழக்கமாகிறது. கொடுக்கலாம் என்று தோன்றினால் அழுகை வரும் முன்பே கொடுத்துவிடுங்கள்.

செல்போன் விஷயத்திலும் இதே கதைதான். மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 3 முதல் 5 வயதுக் குழந்தைகளின் பெற்றோர் 422 பேரிடம் நடத்திய ஆய்வு 2022-ல் வெளிவந்தது. அழுகையை நிறுத்த அடிக்கடி திரையைக் காட்டிய வீடுகளில், போகப்போகக் குழந்தைகள் எளிதில் கொந்தளிப்பவர்களாக இருந்தனர். ஆண் குழந்தைகளிடம் இது தெளிவாகத் தெரிந்தது. கொந்தளிக்கும் பிள்ளைக்குத்தான் போன் அதிகம் கிடைக்கிறது என்பதும் உண்மைதான். எப்படியானாலும், திரை பார்க்கும் நேரத்தில் தன்னைத் தேற்றிக்கொள்ளும் பழக்கம் குழந்தைக்கு வருவதில்லை.

அந்தப் பழக்கத்தை அமைதியான நேரத்தில்தான் கொண்டுவர முடியும். சாப்பிட்டு முடித்துச் சாவகாசமாக இருக்கும்போது, 'தம்பி வந்து கோபுரத்தைத் தட்டிவிட்டான்னு கோபம் வந்துச்சா? கோபம் வரலாம்டா. ஆனா அவனைக் கடிக்கக் கூடாது. அடுத்த தடவை என்னைக் கூப்பிடு' என்று சொல்லலாம். ஒரே தடவையில் பலிக்காது. திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். காத்திருக்கவும் வீட்டிலேயே பழக்கலாம். 'இந்தத் தோசை அக்காவுக்கு, அடுத்தது உனக்கு' என்று சொல்லி, அடுத்ததை அவனுக்கே தவறாமல் வைத்தால், காத்திருந்தால் கிடைக்கும் என்ற நம்பிக்கை வரும். அந்த நம்பிக்கை இல்லாத பிள்ளை ஏன் காத்திருக்கப் போகிறது?

நாம் கேலியாகச் செய்யும் ஒன்றையும் விட்டுவிடலாம். குழந்தை தடுக்கி விழுந்தால், 'பாப்பாவை அடிச்சியா?' என்று தரையை நாலு அடி அடித்துக் காட்டுகிறோம். வலித்தால் யாரையாவது திருப்பி அடிக்க வேண்டும் என்பதற்கு அதைவிடத் தெளிவான செய்முறைப் பாடம் இல்லை. 'பூச்சாண்டிகிட்ட பிடிச்சுக் குடுத்துடுவேன்' என்ற மிரட்டலும், முதுகில் விழும் அடியும் அழுகையை அப்போதைக்கு நிறுத்தலாம். பயத்தில் வாயை மூடிய பிள்ளை கோபத்தைக் கையாளக் கற்றுக்கொண்டதாக அர்த்தமில்லை. பல குழந்தைகள் அதே அடியை மறுநாள் தம்பிக்குக் கொடுத்துவிடும்.

சில அறிகுறிகளைக் கண்டால் குழந்தை மருத்துவரிடம் காட்டுவது நல்லது. ஒவ்வொரு முறையும் அழுகை வெகுநேரம் நீடிப்பது, தன்னையே கடித்துக்கொள்வது, தலையை மோதிக்கொள்வது, ஐந்து வயதுக்குப் பிறகும் குறையாமல் தொடர்வது, பேச்சு வயதுக்குத் தக்கபடி வராமல் இருப்பது ஆகியவை அவை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மற்றபடி, மூன்று வயதுப் பிள்ளைக்குக் கோபமே வரக் கூடாது என்று யாராலும் ஆக்கிவிட முடியாது. கோபம் வந்தால் என்ன செய்வது என்பதை அது நம்மைப் பார்த்துத்தான் படிக்கிறது. ஸ்கூட்டரின் முன்னால் பிள்ளையை நிற்கவைத்துக்கொண்டு ஆட்டோக்காரரைத் திட்டினால் அதுவும் பாடம்தான். 'அப்பா கத்திட்டேன், தப்புதான்' என்று வீட்டுக்கு வந்து சொன்னால் அதுவும் பாடம்தான்.