எந்த எம். எம்.?

எங்கள் கம்பஸ் நூலக வாசலில் போன மாதம் ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். ஆய்வாளர்களுக்கு ஓர்கிட் இலக்கம் எடுக்க உதவுகிறார்களாம், இலவசச் செயலமர்வு. கீழே சின்ன எழுத்தில்: விரிவுரையாளர்களுக்கும் பட்டப்பின் மாணவர்களுக்கும் மட்டும். கலைப்பீடத்தில் மூன்றாம் வருஷம் படிக்கிற நான் உள்ளே போய் விசாரித்தேன். "உங்களுக்கு எதுக்கு இப்ப இது?" என்றார்கள். நல்ல கேள்விதான். அங்கே வாயடைத்துப்போய் வந்துவிட்டேன், பதிலை இங்கே சொல்கிறேன்.

ஓர்கிட் என்பது எழுதுகிறவருக்கான 16 இலக்க அடையாளம். 2012 ஒக்டோபரில் தொடங்கியது. ஒரே பெயரில் பத்துப் பேர் எழுதினாலும், ஒரே ஆள் தன் பெயரைப் பத்து விதமாக எழுதினாலும், எது யாருடையது என்று பிரித்துக் காட்டுவதுதான் அதன் வேலை. இப்ப சொல்லுங்க, இது யாருக்கு அதிகம் தேவை?

என் பெயருக்கு முன்னால் இரண்டு எம். ஒன்று மொஹமட், மற்றது வாப்பாவின் பெயர். தெல்தோட்டை பஸ்ஸில் ஏறி "எம். எம்." என்று கூப்பிட்டால் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த மொஹமட்டையே பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரியும் அடையாள அட்டையில் இன்னொரு மாதிரியும் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கிறோம். தோட்டத்திலிருந்து வருகிற கூட்டாளிமாருக்கு வேறு கதை. 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தில் அப்பாவின் பெயரைப் போடுவதா, தன் பெயரைப் போடுவதா? ஒரு கட்டுரையில் மகள் ஆசிரியர், அடுத்ததில் அப்பா ஆசிரியர். கஷ்டப்பட்டுப் படிக்கவைத்த மனுசனுக்கு மரியாதை என்று எடுத்துக்கொள்ளலாம்தான். ஆனால் மகளின் எழுத்து இரண்டு ஆட்களின் கணக்கில் போய் விழுகிறதே!

ஓர்கிட் பக்கத்தில் வேறு பெயர்களைச் சேர்க்க இடம் இருக்கிறது. அதில் தமிழிலும் எழுதலாம். தளத்தின் மெனு அரபு, சீனம், ஜப்பானியம், கொரியம் என்று பல மொழிகளில் வருகிறது. தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. அந்த இடைவெளியை நிரப்பத்தானே நூலகர் வேண்டும்?

ஒரு வேடிக்கை தெரியுமா? அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் ஜோசையா கார்பெரி என்றொரு பேராசிரியர். உடைந்த பானைகள்தான் அவருடைய துறை. ஆள் கிடையவே கிடையாது, 1929இல் ஒரு அறிவித்தல் பலகையில் பிறந்த பகிடி. அவருக்கும் ஓர்கிட் இருக்கிறது, மாதிரி காட்டுவதற்காக. எங்கள் தெல்தோட்டை போப்பிட்டியவில் உண்மையாகவே பிறந்து வாழ்ந்த அருள்வாக்கி அப்துல் காதிர் புலவரை காதர், காதிர், காதிறு என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். ஓர்கிட்டை உயிரோடிருப்பவர் தானே பதிந்தெடுக்க வேண்டும், அவருக்கு அது சரிவராது. இறந்தவர்களுக்கும் கொடுக்கக்கூடியது ஐ.எஸ்.என்.ஐ. என்ற இன்னொரு 16 இலக்கம். எழுத்துக்கூட்டல் எதுவானாலும் ஒரே புலவரிடம் போய்ச்சேர வைப்பது நூலகத்தின் வேலை, கார்பெரியின் வேலை இல்லை.

"இதெல்லாம் கம்பஸ் ரேங்கிங்குக்கு ஆடுற ஆட்டம்டா" என்கிறார் ஒரு சீனியர். அவர் சொல்வதில் பாதி சரி. உதவி விரிவுரையாளரோடு நின்றுபோவதற்குக் காரணமே அதுதான் என்று நினைக்கிறேன், எங்கள் ஆய்வேடுகள் யாருடைய ரேங்கிங்கையும் தூக்கப்போவதில்லை. ஆனால் அந்த இலக்கம் கம்பஸுக்குச் சொந்தமானதில்லை. வேறெங்கே போனாலும் கூடவே வரும். பக்கத்தில் எதை யார் பார்க்கலாம் என்பதையும் நாங்களே தீர்மானிக்கலாம். பிறகு ஏன் அதை அவர்களிடமே விட்டுவைக்க வேண்டும்?

அன்றிரவே போனில் எடுத்துவிட்டேன். ஈமெயில் இருந்தால் போதும், நீ விரிவுரையாளரா என்று ஓர்கிட் கேட்கவில்லை. வாப்பாவின் பெயரை முழுதாகத் தமிழில் போட்டேன். பிறகு விடுதியில் நாலு பேருக்கு எடுத்துக் கொடுத்தேன். அதில் மூன்று பேருக்குக் குடும்பப் பெயர்க் கட்டத்தில்தான் சண்டை.

அடுத்த செயலமர்வுக்கு நாங்கள் ஐந்து பேரும் போகிறோம். தமிழில் அரை மணி நேரம் கேட்கப்போகிறோம். தரமாட்டோம் என்றால், அந்தச் சின்ன எழுத்தை எழுதியது யார் என்று கேட்போம்.