வரி தண்டுவதற்கும் ஓர் அறம் உண்டு

மார்ச் திங்கள் பிறந்தால் பேரூராட்சி அலுவலகங்களுக்கு விறுவிறுப்பு வந்துவிடுகிறது. ஒலிபெருக்கி கட்டிய வண்டி தெருத்தெருவாய்ச் சென்று, வரி நிலுவை வைத்திருப்போரின் குடிநீர் இணைப்பு துண்டிக்கப்படும் என எச்சரிக்கிறது. ஆண்டு முழுதும் உறங்கிய கடமையை ஒரு திங்களில் முடிக்க முனையும் இவ்வழக்கம் மேச்சேரி போன்ற பேரூராட்சிகளுக்கு நன்மை தராது.

நிலுவையைத் தண்டலாகாது என்பது நம் கருத்தன்று. மேட்டூர் அணை மேச்சேரிக்கு அண்மையில்தான் இருக்கிறது. ஆயினும் காவிரி நீர் தானாக நடந்து வாசலுக்கு வருவதில்லை. நீரேற்றும் மின்சாரத்துக்கும், கலக்கும் குளோரினுக்கும், உடைப்பெடுத்த குழாயைச் செப்பனிடுவதற்கும் பணம் வேண்டும். ஒருவர் செலுத்தாத தொகை, தவறாது செலுத்தும் அண்டை வீட்டார் தலையில் விடிகிறது.

எனினும் யாரிடம், எவ்வாறு தண்டுவது என்பதில் நெறி வேண்டும். 2022-இல் சொத்துவரியை உயர்த்திய அரசு, பேரூராட்சிகளில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு 25 விழுக்காடும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு 100 விழுக்காடும் உயர்வு விதித்தது. எளியோரையும் வசதி படைத்தோரையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது என்பதை அரசே ஏற்றது. அந்த வேறுபாடு தண்டும் வேளையில் மட்டும் மறைவது ஏன்? அரையாண்டின் முதல் 30 நாளுக்குள் செலுத்துவோர்க்கு 5 விழுக்காடு ஊக்கத்தொகை கிடைக்கிறது. காலந்தாழ்த்துவோர்க்குத் திங்கள்தோறும் 1 விழுக்காடு வட்டி ஏறுகிறது. கையில் பணமுள்ளவர் சலுகை பெறுகிறார். ஆட்டுக்குட்டி விற்றால்தான் காசு பார்ப்பவர் வட்டி கட்டுகிறார்.

வரியில் நெறி பேணுவது நமக்குப் புதிதன்று. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஊர்ச்சபையின் வாரியத்துக்கு வருவோர் வரி செலுத்தும் நிலம் உடையவராய் இருத்தல் வேண்டும் என்றது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் உறவினரையும் விலக்கிவைத்தது. வரி கொடுப்பதும் கணக்குக் கொடுப்பதும் ஒன்றாகவே எண்ணப்பட்டன.

ஆகவே பேரூராட்சிகள் செய்யத்தக்கவை சில. கேட்பு அறிவிப்பில் சொத்துவரி, குடிநீர்க் கட்டணம், வட்டி ஆகியவற்றை ஆண்டுவாரியாகப் பிரித்துக் காட்ட வேண்டும். பெருந்தொகை வைத்திருக்கும் வணிகக் கட்டடங்களிலிருந்து வசூலைத் தொடங்க வேண்டும். சிறுவீட்டாருக்குத் தவணை தர வேண்டும். குழாயைத் துண்டிப்பது வேறு வழியே இல்லாதபோது எடுக்கும் நடவடிக்கையாக இருக்கட்டும். கேட்பு, வசூல், நிலுவைப் பதிவேட்டின் சுருக்கமும் செலவு விவரமும் அரையாண்டுதோறும் அலுவலக வாசலில் ஒட்டப்படட்டும். அக்கணக்கைப் படித்துப் பார்த்த பின்னும் வசதியிருந்தும் செலுத்த மறுப்பவர்மீது சட்டம் பாயுமாயின், ஊரார் எவரும் அதைக் கொடுமை என்னார்.