பசி பாதியானால் தட்டில் எது மிஞ்ச வேண்டும்? எடைக்குறைப்பு ஊசிகளும் இந்தியச் சமையலறையும்

புதுதில்லி: உடல் எடையைக் குறைக்கும் ஊசி மருந்துகள் இந்தியச் சந்தைக்கு வந்ததிலிருந்து, அவை குறித்த விவாதம் பெரும்பாலும் விலையைச் சுற்றியே நடந்துவருகிறது. எலி லில்லி நிறுவனத்தின் மவுஞ்சாரோ 2025 மார்ச் மாதம் அறிமுகமானது. நோவோ நார்டிஸ்க் நிறுவனத்தின் வெகோவி அதே ஆண்டு ஜூனில் வந்தது. தொடக்க அளவுக்கு மாதம் 17,345 ரூபாய் என்றிருந்த வெகோவியின் விலை, நவம்பரில் 10,850 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. டிசம்பரில் ஒசெம்பிக்கும் சேர்ந்துகொண்டது. வெகோவி, ஒசெம்பிக் இரண்டுக்கும் மூலமான செமாகுளூடைடின் இந்தியக் காப்புரிமை 2026 மார்ச் மாதத்தோடு முடிவதால், உள்நாட்டு நிறுவனங்களின் மலிவான வகைகளுக்கும் வழி திறக்கிறது.

விலை இறங்க இறங்க, மருந்து புதிய வீடுகளுக்குள் நுழையும். அந்த வீடுகளில் நாள்தோறும் என்ன சமைக்கப்படுகிறது, அதில் எவ்வளவு உண்ணப்படுகிறது என்ற கேள்விக்கு மருந்துச் சீட்டில் இடமில்லை. மருத்துவமனைகளில் கிடைக்கும் உணவுப் பட்டியல்களும் பல நேரங்களில் வெளிநாட்டுக் கையேடுகளின் சாயலிலேயே இருக்கின்றன. சுட்ட கோழிநெஞ்சும் கிரேக்கத் தயிரும் எத்தனை இந்தியக் குடும்பங்களின் அன்றாட உணவு என்பதை விளக்கத் தேவையில்லை.

இந்த மருந்துகள், உணவு உண்டதும் குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற இயக்குநீரைப் போலச் செயல்படுகின்றன. மவுஞ்சாரோவில் உள்ள டிர்செபடைடு, ஜிஐபி என்ற இன்னொரு இயக்குநீரின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. மூளையில் பசியை ஆளும் பகுதிக்கு நிறைவு உணர்வு விரைவில் எட்டுகிறது. இரைப்பை மெதுவாகக் காலியாகிறது. வழக்கமாக நான்கு சப்பாத்தி உண்பவர் இரண்டாவதிலேயே கையை எடுத்துவிடுகிறார். எடை குறைவதற்கு இதுவே காரணம். சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. ஒரே தட்டு அப்படியே பாதியாகும்போது, அதிகமாக இருந்த மாவுச்சத்தோடு ஏற்கெனவே குறைவாக இருந்த புரதமும் சேர்ந்து பாதியாகிறது.

தட்டின் கணக்கு

இந்தியத் தட்டின் நிலை புதிதாக ஆராய வேண்டிய ஒன்றல்ல. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையின் தலைமையில், இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆதரவோடு நாடு முழுவதும் நடந்த ஆய்வின் உணவு சார்ந்த முடிவுகள் 2025ஆம் ஆண்டு வெளியாயின. இந்தியர் பெறும் மொத்த ஆற்றலில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது. புரதத்தின் பங்கு 12 விழுக்காடு மட்டுமே. இதே ஆய்வின் 2023ஆம் ஆண்டு முடிவுகள், நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும், 28.6 விழுக்காட்டினர் உடல் பருமன் கொண்டவர்கள் என்றும், வயிற்றுப் பருமன் 39.5 விழுக்காட்டினரிடம் காணப்படுவதாகவும் மதிப்பிட்டிருந்தன. மருந்தை நாடுவோரின் எண்ணிக்கை பெருகுவதற்கான காரணமும் இந்தத் தட்டே, மருந்து வேலை செய்யவேண்டிய களமும் இந்தத் தட்டே.

ஓர் எளிய கணக்கு நிலைமையைத் தெளிவாக்கும். நான்கு சப்பாத்தி, ஒரு கிண்ணம் பருப்பு, உருளைக்கிழங்குக் கறி கொண்ட வட இந்திய மதிய உணவை எடுத்துக்கொள்ளலாம். சப்பாத்தி ஒன்றில் ஏறத்தாழ 3 கிராம் புரதம், பருப்பில் 6 முதல் 7 கிராம் வரை என்றால் மொத்தம் 19 கிராமுக்குள் அடங்கும். அது பாதியானால் 9 கிராம் மிஞ்சும். மூன்று வேளையும் இப்படியே போனால் நாளொன்றுக்கு 30 கிராம்கூடத் தேறாது. சோறும் நீர்த்த சாம்பாரும் மோரும் கொண்ட தென்னிந்தியத் தட்டின் கணக்கு இதைவிட மேலானதன்று.

உடல்நலத்தோடு உள்ள ஒருவருக்கு எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் பரிந்துரை. 70 கிலோ எடையுள்ளவருக்கு இது 58 கிராம். எடை வேகமாகக் குறையும் காலத்தில் தேவை கூடுகிறது. அமெரிக்காவின் நான்கு மருத்துவ, ஊட்டச்சத்து அமைப்புகள் 2025இல் கூட்டாக வெளியிட்ட ஆலோசனை, இந்த மருந்துகளைப் பெறுவோருக்குக் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை என்ற அளவைக் குறிப்பிடுகிறது. கீழ் எல்லையைக் கொண்டாலும் நாளொன்றுக்கு 84 கிராம் ஆகிறது. தேவை 84, தட்டில் இருப்பது 30.

இந்த இடைவெளியின் விலையைத் தசை கொடுக்கிறது. செமாகுளூடைடு குறித்த முதன்மைச் சோதனை ஒன்றில் 68 வாரங்களில் சராசரியாக 14.9 விழுக்காடு எடை குறைந்தது. அதில் பங்கேற்ற ஒரு பிரிவினரிடம் உடற்கூறு அளவிடப்பட்டபோது, குறைந்த எடையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு கொழுப்பு அல்லாத திசு எனத் தெரியவந்தது. அதில் நீரும் பிற திசுக்களும் அடங்கும். எல்லாமே தசை என்று கொள்வது தவறு. எனினும் இந்தியர்களுக்கு இது சிறிய செய்தியல்ல. மெலிந்த தோற்றத்துக்குள் அதிகக் கொழுப்பும் குறைந்த தசையும் கொண்ட உடலமைப்பு இந்தியர்களிடம் பரவலாக இருப்பதைப் புணே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கின் ஆய்வுகள் நெடுநாள் முன்பே எடுத்துக்காட்டின. குறைவான கையிருப்பிலிருந்து மேலும் செலவழிப்பது எப்படி முடியும் என்பதை முதியவர்களின் தளர்ந்த கால்களில் காணலாம்.

அன்றாட உணவில் என்ன மாற்றலாம்?

விடை புதிய உணவுகளில் இல்லை. வரிசையிலும் விகிதத்திலும் இருக்கிறது. வயிறு சீக்கிரம் நிறைந்துவிடும் என்பதால், முதல் பத்து வாய்க்குள் எது போகிறதோ அதுவே அன்றைய உணவாகிவிடுகிறது. ஆகவே பருப்பு, முட்டை, மீன், பனீர், கெட்டித் தயிர் ஆகியவை தொடக்கத்திலும், காய்கறி அடுத்தும், சோறும் சப்பாத்தியும் கடைசியிலும் வருவது நலம். சோற்றில் குழம்பு ஊற்றிப் பிசைந்து உண்ணும் பழக்கத்துக்கு இது எதிரானதுதான். முதல் சில வாரங்களுக்குக் கிண்ணத்தில் கெட்டிப் பருப்பைத் தனியே எடுத்துக் கரண்டியால் உண்பது பலருக்கும் வசதியான நடுவழி.

காலை உணவில் மாற்றம் எளிது. அவல் உப்புமாவும் பிரெட்டும் இருக்கும் இடத்தில், வட மாநிலங்களில் பாசிப்பருப்பை அரைத்து வார்க்கும் சீலாவும், ஆந்திரத்தில் பச்சைப்பயறு பெசரட்டும், தமிழகத்தில் அடையும், குஜராத்தில் கடலை மாவை ஆவியில் வேகவைக்கும் டோக்ளாவும் நெடுநாளாக உள்ளவை. 60 கிராம் பயறில் வார்த்த இரண்டு சிறிய பெசரட்டு 14 கிராம் புரதம் தரும். இரண்டு இட்லியில் கிடைப்பது 4 கிராம் அளவே. பீகாரில் 'சத்து' என்று வழங்கும் வறுத்த கொண்டைக்கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து, எலுமிச்சையும் உப்பும் சேர்த்துக் குடிப்பது, மென்று உண்ணவே மனம் வராத நாள்களுக்கு ஏற்றது. வங்கத்திலும் கேரளத்திலும் மீன் குழம்பு உண்டு. அங்கே மீன்துண்டைக் கூட்டிச் சோற்றைக் குறைத்தாலே பாதி வேலை முடிந்தது.

சைவ உணவினருக்குத்தான் கணக்கு கடினமாகிறது. காலை பெசரட்டு 14 கிராம், நண்பகலுக்குமுன் ஒரு கிண்ணம் தயிர் 4 கிராம், மதியம் 75 கிராம் பனீரும் கெட்டிப் பருப்பும் ஒரு சப்பாத்தியும் சேர்ந்து 24 கிராம், மாலை ஒரு கைப்பிடி வறுத்த கடலை 6 கிராம், இரவு அரிசியைவிடப் பருப்பு மிகுந்த கிச்சடி 11 கிராம், படுக்குமுன் ஒரு தம்ளர் பால் 6 கிராம். இவ்வளவு கவனமாக இருந்தும் மொத்தம் 65 கிராமே வருகிறது. எஞ்சிய இடைவெளியை இரண்டு முட்டை பெருமளவு நிரப்பும். முட்டையும் உண்ணாதவர்களுக்கு, தமிழ் வீடுகளில் மீல்மேக்கர் எனப்படும் சோயா உருண்டைகளே மலிவான வழி. உலர்ந்த நிலையில் 25 கிராம் எடுத்தால் 13 கிராம் புரதம் கிடைக்கும்.

புரத மாவு டப்பாக்களை விற்போருக்கு இந்த இடைவெளி நல்ல வாய்ப்பாகிவிட்டது. ஐதராபாதில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்கள், உடலை வளர்ப்பதற்காகப் புரத மாவு உட்கொள்வதைத் தவிர்க்குமாறு கூறுகின்றன. அது பொதுமக்களுக்கான அறிவுரை. சில வாரங்களுக்கு உணவே இறங்காத நோயாளிக்கு மருத்துவர் குறித்த அளவில் மாவைப் பரிந்துரைப்பது வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு, சமையலறையில் பயறு இருக்கும்போது கடையில் டப்பா வாங்குவது வீண்செலவே. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டவே கூடாது.

குமட்டல் நாள்களும் தாழ்சர்க்கரையும்

வாரம் ஒருமுறை போடப்படும் ஊசிக்குப் பின் இரண்டு, மூன்று நாள்கள் குமட்டல் மிகுவதாகப் பலர் கூறுகின்றனர். அளவு கூட்டப்படும் வாரங்களில் இது இன்னும் கடுமையாகலாம். அந்நாள்களில் பூரி, பக்கோடா, பிரியாணி போன்ற எண்ணெய் மிகுந்தவை நெடுநேரம் வயிற்றில் தங்கிப் புளித்த ஏப்பத்தையும் வாந்தியையும் தருகின்றன. திருமண விருந்துக்கு மறுநாள் அவதிப்படுவோரின் கதை பெரும்பாலும் இதுதான். குழைந்த பாசிப்பருப்புக் கிச்சடி, தயிர்ச்சோறு, இஞ்சி தட்டிப் போட்ட மோர், ஆறிய உணவு ஆகியவை எளிதில் இறங்கும்; சூடான தாளிப்பின் மணமே சிலருக்கு ஒவ்வாது. பசியோடு தாகமும் மங்குவதால், தண்ணீரை நேரம் வைத்துக் குடிக்க வேண்டியிருக்கிறது. தவறினால் மலச்சிக்கல் உறுதி. கீரை, அவரை, கொய்யா ஆகியவை தட்டில் இடம்பெறுவது இதற்காகவும்தான்.

குமட்டலைவிட ஆபத்தான ஒன்று, குறைவாகவே பேசப்படுகிறது. இந்தியாவில் நீரிழிவுக்குக் கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும் பரவலாகப் பயன்படுகின்றன. உணவு பாதியான பிறகும் அவற்றின் அளவு மாறாவிட்டால் இரத்தச் சர்க்கரை அபாய அளவுக்குத் தாழக்கூடும். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் ஆகியவற்றை 'ஊசியின் பலவீனம்' என்று எண்ணி வீட்டிலேயே படுத்திருப்பது உயிருக்கே தீங்காகலாம். ஊசி தொடங்கும் நாளிலேயே பழைய மருந்துகளின் அளவை மருத்துவர் மறுபரிசீலனை செய்தாரா என்று கேட்பது நோயாளியின் உரிமை.

விரத நாள்களுக்கும் இது பொருந்தும். நவராத்திரி விரதத்தில் உண்ணப்படும் ஜவ்வரிசிக் கிச்சடி ஏறக்குறைய முழுவதும் மாவுச்சத்து. அதைவிடப் பனீர், வேர்க்கடலை, தயிர் ஆகியவை விரத விதிக்கும் உட்பட்டவை, உடலுக்கும் உகந்தவை. ரமலான் நோன்பில் பகல் முழுவதும் தண்ணீரும் இல்லாததால், மருத்துவரிடம் முன்கூட்டியே பேசாமல் நோன்பையும் ஊசியையும் சேர்த்துத் தொடர்வது முறையன்று.

மலிவு விலை மருந்து வரும்போது

மருந்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதும் ஓரளவு தெரிந்ததே. மேற்சொன்ன சோதனையில் செமாகுளூடைடை நிறுத்திய ஓராண்டில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. கைக்காசு செலவழித்து ஊசி வாங்கும் நாட்டில், பலர் இடையில் நிறுத்துவது தவிர்க்க இயலாதது.

விலை குறையும்போது மருந்து சென்றடையப்போகும் குடும்பங்களின் தட்டு இன்னும் மெலிவானது. மத்திய அரசின் இலவசத் திட்டம் ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசியோ கோதுமையோ தருகிறது. பருப்பு அதில் இல்லை. தமிழகம் போன்ற சில மாநிலங்கள் மட்டுமே நியாயவிலைக் கடைகளில் மானிய விலையில் துவரம்பருப்பு வழங்குகின்றன. ஊசிக்காக மாதம் சில ஆயிரம் ஒதுக்கும் கீழ்நடுத்தரக் குடும்பம் அந்தப் பணத்தை முட்டை, பால், பருப்புச் செலவிலிருந்தே எடுக்குமானால், மருந்தின் பயனைச் சமையலறையே அழித்துவிடும்.

இதில் பெண்களின் நிலை தனியே கவனிக்கத்தக்கது. 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளதாக 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு தெரிவிக்கிறது. அனைவருக்கும் பரிமாறிய பிறகு கடைசியில் உண்ணும் வழக்கம் பல வீடுகளில் இன்னும் மாறவில்லை. பருப்பு தீர்ந்து சோறும் சாறும் மிஞ்சியிருக்கும் அந்நேரத்தில், மருந்தினால் பசியும் இல்லாதபோது, அவர் உண்ணாமலே எழுந்துவிடுவார். வீட்டில் யாருக்கும் அது தெரியவும் தெரியாது. பரிமாறத் தொடங்கும் முன்பே அவருக்கான பருப்பும் முட்டையும் தனிக் கிண்ணத்தில் எடுத்துவைக்கப்படுகிறதா என்பதையும், ஊசியைப் பரிந்துரைக்கும் மருத்துவர் கேட்டறிய வேண்டியிருக்கிறது.