வழக்கில் சிக்கிப் பிழைத்த காதல்

தென்னிந்திய மௌனப்படங்களைத் தேடுவோர்க்குக் கிடைப்பது பெரும்பாலும் பெயர்ப்பட்டியலே. நடராஜ முதலியாரின் 'கீசகவதம்' இல்லை, ஜே. சி. டேனியலின் 'விகதகுமாரன்' இல்லை. நாகர்கோவில் ஆர். சுந்தர்ராஜ் தயாரிப்பில் பி. வி. ராவ் இயக்கிய 'மார்த்தாண்ட வர்மா' (1933) எஞ்சியிருக்கிறது. ஆவணக்காப்பாளரும் சேகரிப்பாளரும் இதனைப் பெரும்பேறாகக் கருதுவதில் வியப்பில்லை.

ஆயினும் இப்படத்தைக் காத்தது கலைமீதான காதலன்று. சி. வி. ராமன் பிள்ளையின் 1891ஆம் ஆண்டு நாவலே இதன் மூலம். நாவலின் உரிமையைக் கையில் வைத்திருந்த கமலாலய புத்தக நிலையம் வழக்குத் தொடுத்தது. திருவனந்தபுரத்தில் வெளியான சில நாள்களிலேயே திரையிடல் நின்றது. படச்சுருள் பதிப்பகத்தாரிடம் சென்று முடங்கியது. ஊர் ஊராக ஓடித் தேய்ந்த படங்கள் அழிந்தன; ஓடாத இப்படம் பிழைத்தது. 1974இல் புனே தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் அதனைப் பெற்றது. தீப்பற்றும் இயல்புடைய நைட்ரேட் சுருள் நாற்பதாண்டுகள் தாங்கியதைத் தற்செயல் என்றே சொல்லவேண்டும்.

எனவே அரிது என்பது வழக்கின் விளைவேயன்றிப் படத்தின் தகுதியன்று. இன்றைய ஆய்வுகளோ பதிப்புரிமைச் சிக்கலையே மீண்டும் மீண்டும் உழுகின்றன. திருவிதாங்கூர் அரியணைப் போட்டியின் நடுவே அனந்தபத்மநாபன், பாறுக்குட்டி காதல் இருப்பதை அவை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. கொல்லப்பட்டதாக ஊர் நம்பும் காதலன் பைத்தியக்காரச் சான்றானாக மாறுவேடத்தில் திரிகிறான். அவன் இறந்தான் என்பதைப் பாறுக்குட்டியின் மனம் ஏற்க மறுக்கிறது. பேச இயலாத திரைக்கு இதனினும் பொருத்தமான கதை அரிது: மறைக்கும் முகம் ஒன்று, காத்திருக்கும் முகம் ஒன்று. சேகரிப்பாளர் விரும்பும் பழமையைவிட இம்முகங்களே ஆய்வுக்குரியவை.

சாந்தன்பாறை போன்ற எல்லையூர்களில் தமிழ் மாணவரும் மலையாள மாணவரும் ஒரே பெஞ்சில் அமர்கின்றனர். நாகர்கோவில் அன்று திருவிதாங்கூரில் இருந்தது. இப்படம் தமிழருடையதா மலையாளிகளுடையதா என்னும் வாதம் அங்கே பொருளற்றுப்போகும். காட்சிகளுக்கிடையே தோன்றும் எழுத்துகள் ஆங்கிலமும் மலையாளமுமாக உள்ளன. பாறுக்குட்டியின் துயரை அறிய அவற்றைப் படிக்கவேண்டியதில்லை. நாவலின் உரிமையும் படத்தின் உரிமையும் காலாவதியாகிவிட்டன. பாடத்திட்டத்தில் வழக்கு விவரமாக மட்டும் இடம்பெறும் இப்படத்தை, ஒரு மாலை விளக்கணைத்து, மிருதங்கமோ செண்டையோ உடனொலிக்கத் திரையிடுவதற்கு இனி எவர் அனுமதியும் தேவையில்லை. காப்பகத்தின் நல்ல பிரதி ஒன்றே தேவை.