பட்டமும் பதமும்: பெங்களூரின் புல்தரைக்குத் துளையிட உகந்த பருவம் எது?

தோட்டக்கலைக் கையேடுகள் பலவற்றில் ஓர் அறிவுரை தவறாமல் இடம்பெறுகிறது: இறுகிப்போன புல்தரையில் துளையிட்டுக் காற்றோட்டம் ஏற்படுத்தச் சிறந்த காலம் செப்டம்பர் மாதம். இங்கிலாந்துக்கும் வட அமெரிக்காவின் வடபகுதிக்கும் இது பழுதற்ற அறிவுரை. பெங்களூரின் பல்கலைக்கழக வளாகங்களும் அடுக்ககக் குடியிருப்புகளும் அதை அப்படியே பின்பற்றும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. நகரம் தண்ணீருக்குத் தவிக்கும் காலத்தில், தவறான மாதத்தில் செய்யப்படும் புல்தரைப் பராமரிப்பைச் சிறிய பிழை என்று ஒதுக்கிவிட முடியாது.

துளையிடுதல் ஏன் தேவைப்படுகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். மனிதக் காலடிகளும் புல்வெட்டும் இயந்திரங்களும் மண்ணை அழுத்தும்போது முதலில் அழிவன மண்துகள்களுக்கு இடையேயுள்ள பெரிய துளைகளே. நீர் வடிவதும் காற்று நுழைவதும் அவற்றின் வழியாகத்தான். அவை மூடிக்கொண்டால் மீதமுள்ள நுண்துளைகளில் நீர் தேங்குகிறது. காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகவே ஆக்சிஜன் நீரில் பரவுகிறது. ஆகவே நீர் நிறைந்த இறுக்க மண்ணில் வேர் மூச்சுத் திணறுகிறது, மேலோட்டமாகவே நின்றுவிடுகிறது. அத்தகைய புல்லுக்கு அடிக்கடி நீர் ஊற்ற வேண்டியிருக்கிறது. ஊற்றிய நீரில் ஒரு பகுதி உள்ளே இறங்காமல் வழிந்தோடுகிறது. உள்ளீடற்ற குழல்களால் 5 முதல் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண்ணுருளைகளை வெளியே எடுப்பது இதற்கு முறையான தீர்வு. வெறும் ஆணிகளால் குத்துவது துளையின் பக்கச் சுவர்களை மேலும் இறுக்கிவிடக்கூடும்.

எந்த முறையானாலும் துளையிடுதல் புல்லுக்கு ஒரு காயம். வேர்கள் அறுபடுகின்றன, மண் வெயிலுக்குத் திறந்துகொள்கிறது. ஆகவே புல் மிக விரைவாக வளரும் காலத்தின் தொடக்கத்தில்தான் அந்தக் காயத்தை ஏற்படுத்த வேண்டும். பருவத்தைத் தேர்வதற்கான அடிப்படை விதி இதுவே. செப்டம்பர் என்பது அந்த விதி ஒரு குறிப்பிட்ட நிலத்தில் தரும் விடை மட்டுமே. ரை, ஃபெஸ்கியூ, புளூகிராஸ் முதலிய குளிர்பருவப் புற்களின் வேர்கள் மண்வெப்பம் 10 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரை உள்ளபோது நன்கு வளர்கின்றன. குளிர்நாடுகளில் கோடை தணிந்து உறைபனி வருவதற்கு முன்னுள்ள வாரங்களில் அந்த வெப்பம் வாய்க்கிறது. வசந்தத்திலும் அது வாய்க்கும். ஆனால் அப்போது துளைகளில் களைகள் முளைத்துவிடும் என்பதால் வசந்தம் இரண்டாம் தேர்வாகிறது. இந்தியாவில் இந்தத் தருக்கம் முழுமையாகப் பொருந்தும் இடம் காசுமீர்ப் பள்ளத்தாக்கு. உதகையில்கூடப் பரவலாகக் காணப்படும் கிக்கியூ புல், கிழக்கு ஆப்பிரிக்க உயர்நிலத்திலிருந்து வந்த வெப்பப்பருவ வகைதான்.

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால் பெங்களூருக்குக் குளிர்நகரம் என்ற பெயர் உண்டு. அந்தப் பெயர்தான் பலரை ஏமாற்றுகிறது. இந்நகரில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பம் 1884 சனவரியில் பதிவான 7.8 டிகிரி. உறைபனி இந்நகரின் பதிவுகளில் இல்லை. சனவரியிலும் பகல்வெப்பம் 27 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. இங்கு வளர்வன அறுகம்புல்லும், நாற்றுப்பண்ணைகளில் கொரியன் புல், மெக்சிகன் புல் என்ற பெயர்களில் விற்கப்படும் வகைகளுமே. இவை வெப்பப்பருவப் புற்கள். 27 முதல் 35 டிகிரி வரையிலான வெப்பத்தில் செழிப்பவை. குளிர்பருவப் புல்லே இல்லாத ஊரில் குளிர்பருவப் புல்லுக்கான நாட்காட்டி எதற்கு?

தமிழ் உழவு மரபில் இந்தக் கேள்வியைத் தெளிவாக்கும் இரண்டு சொற்கள் உள்ளன. ஒன்று பட்டம், மற்றொன்று பதம். ஆடிப்பட்டம், தைப்பட்டம் என்று உழவர் சொல்லும்போது அது ஒரு நிலத்துக்குரிய பருவத்தைக் குறிக்கிறது. பதம் என்பது அந்தப் பருவத்துக்குள் மண் வேலைக்கு இணங்கும் நிலை. பட்டம் வந்தாலும் பதம் வராவிட்டால் ஏர் இறங்காது. நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்றது தொல்காப்பியம். கையேட்டு அறிவுரையோ பொழுதை மட்டும் பெயர்த்துக்கொண்டு வந்து, நிலத்தை அங்கேயே விட்டுவிடுகிறது.

பெங்களூரின் பட்டத்தை மழையே வகுக்கிறது. ஏப்ரல் இறுதியிலும் மே மாதத்திலும் இடியோடு கோடைமழை பெய்கிறது. சூன், சூலை மாதங்களில் மிதமான மழை தொடர்கிறது. ஆண்டிலேயே மிகுதியான மழை பெய்யும் மாதம் செப்டம்பர். அக்டோபர் அதற்கு அடுத்தது. இந்நகரின் செம்மண் காய்ந்தால் கல்லாகிறது. மிகுதியாக நனைந்தால் பிசுபிசுக்கிறது. மார்ச்சு மாதத்தில் துளையிடும் கருவி அதில் இறங்க மறுக்கும். செப்டம்பரில் எளிதாக இறங்கும். ஆனால் துளையின் சுவர் மெழுகியது போல் அடைபடும், இயந்திரத்தின் எடையே தரையை மீண்டும் அழுத்தும். கோடைமழை மண்ணை நனைத்து, வெப்பம் இன்னும் குறையாமல், பல மாத மழை முன்னே காத்திருக்கும் மே இறுதியும் சூன் மாதமுமே முதன்மைப் பட்டம். களைகளும் அப்போதுதான் முளைக்கும் என்பது உண்மை; எனினும் முழுவேகத்தில் படரும் அறுகு அவற்றுக்கு இடம்கொடுப்பது குறைவு.

மனிதக் காலடிகளுக்கும் ஒரு பருவம் உண்டு. 240 ஏக்கர் பரப்புள்ள லால்பாக்கில் சனவரியிலும் ஆகஸ்டிலும் மலர்க்காட்சிகள் நடைபெறுகின்றன. இவற்றில் ஆகஸ்டுக் கூட்டமே மண்ணுக்கு அதிகத் தீங்கு செய்யவல்லது; ஈரமண் காய்ந்த மண்ணைவிட எளிதில் இறுகும். இத்தகைய கூட்டம் மிதித்த தரையில் ஆகஸ்டு முடிவில் மழை ஓய்ந்த சில நாட்கள் கிடைத்து, பதமும் அமைந்தால், இரண்டாவது முறை துளையிடலாம். சனவரிக் கூட்டம் மிதித்த தரையோ மே மாதம் வரை பொறுத்திருக்கத்தான் வேண்டும். அயல்நாட்டு அறிவை இந்த மண்ணின் மாதங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள முடியும் என்பதற்கு இந்நகரிலேயே ஒரு முன்னோடி உண்டு. 1908-இல் இங்கு வந்த செர்மானியத் தோட்டக்கலை வல்லுநர் கிரும்பிகல், ஆண்டு முழுதும் ஒன்றன்பின் ஒன்றாகப் பூக்கும்படி சாலைமரங்களைத் தேர்ந்தார். அவர் ஐரோப்பிய நாட்காட்டியை இங்கே நடவில்லை. இந்நகரின் மாதங்களைக் கற்றுக்கொண்டார்.

ஆயினும் பல வளாகங்களில் பருவத்தை முடிவு செய்வது கையேடுகூட இல்லை, நிதியாண்டுதான். மார்ச்சு 31-க்குள் ஒதுக்கீட்டைச் செலவிட வேண்டும் என்ற அவசரத்தில் பராமரிப்புப் பணிகள் ஆண்டின் வறண்ட வாரங்களில் குவிகின்றன. அப்போது துளையிட்ட புல்லைக் காப்பாற்ற நாள்தோறும் நீர் வேண்டும். 2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீர் வாரியம், தோட்டங்களுக்குக் குடிநீரைப் பயன்படுத்தத் தடை விதித்து, மீறுவோருக்கு 5,000 ரூபாய் தண்டம் அறிவித்தது. மழை இலவசமாகச் செய்து தரும் வேலையை, மழை இல்லாத மாதத்தில் தண்ணீர் லாரி கொண்டு செய்வது அறிவுடைமை ஆகாது. அறிவை வளர்ப்பதற்கென்றே அமைந்த நிறுவனங்களில் அது இன்னும் பொருந்தாது.

பதத்தை அறிய ஆய்வகம் வேண்டியதில்லை. கைப்பிடி மண்ணை இறுக்கிப் பிடித்து விரலால் தட்டினால் உதிர வேண்டும். உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம். உருண்டையே சேராவிட்டால் ஈரம் போதாது. ஒப்பந்த அடிப்படையில் பணிபுரியும் தோட்டத் தொழிலாளர்களுள் பலர் வேளாண் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். இதைக் கற்றுத்தரும் இடத்தில் இருப்பவர்கள். ஆனால் பணி நாளைக் குறிக்கும் ஒப்பந்தத்தாளில் அவர்களுடைய கருத்துக்கு ஒரு கட்டம்கூட இல்லை. புத்தக அறிவு தவறிப்போகும் இடத்தில் அதைத் திருத்தக்கூடிய அறிவு மண்வெட்டியோடு அருகிலேயே நிற்கிறது. அதைக் கேட்பார் இல்லை என்பதே இங்குள்ள மெய்யான இழப்பு.

தண்ணீர்ப் பஞ்சமுள்ள நகரில் புல்தரையே எதற்கு என்ற எதிர்வாதமும் எழும். அது நியாயமானது. எவரும் அமராத, அலங்காரத்துக்காக மட்டும் நீர் குடிக்கும் புல்தரைகளை மரநிழலுக்கும் புதர்களுக்கும் விட்டுக்கொடுப்பதே நல்லது. ஆனால் மாணவர் கூடிப் பேசும், விளையாடும் புல்தரைகள் வேறு வகை. அவை இருக்கும்வரை மழைநீரை உள்வாங்கும் நிலையில் இருப்பதே நகருக்கு நன்மை. செப்டம்பர் மழை வரும்போது இறுகிய தரை நீரைச் சாலைக்கு அனுப்பும். சூனில் துளையிட்ட தரை அதில் ஒரு பகுதியையேனும் மண்ணுக்குள் அனுப்பும்.

ஆகவே வளாகங்கள் செய்ய வேண்டுவன மூன்று. மிதிபடும் புல்தரைகளுக்கு மட்டும் துளையிடுதலை வரையறுக்க வேண்டும். ஒப்பந்தங்களில் தேதிக்குப் பதிலாக, கோடைமழைக்குப் பின் மண் பதப்படும் வாரம் என்று குறிக்க வேண்டும். அந்த வாரத்தைத் தீர்மானிக்கும் உரிமையைத் தோட்டத் தொழிலாளர்களுக்கு அளிக்க வேண்டும். மூன்றுக்கும் கூடுதல் நிதி தேவையில்லை. மார்ச்சுக் கணக்கைச் சூன் வரை பொறுத்திருக்கச் செய்யும் நிருவாக மனம் ஒன்றே தேவை.